ரோட்வைலரா, அல்சேஷனா, கிராஸா? காவல் நாயை வீட்டுக்குக் கொண்டுவருமுன்...

பக்கத்துத் தாமானில் வீடு புகுந்து திருடிவிட்டார்கள் என்ற செய்தி காதில் விழுந்த மறுவாரமே பல குடும்பங்களில் எழும் பேச்சு, "ஒரு நல்ல நாயா வாங்கிப் போடலாமா?" என்பதுதான். நல்ல நாய் என்றால் பெரும்பாலும் ரோட்வைலர், டோபர்மேன், அல்சேஷன் ஆகிய மூன்றில் ஒன்று. விலை கட்டுப்படியாகாதவர்கள் 'ரோட்வைலர் கிராஸ்', 'அல்சேஷன் மிக்ஸ்' என்று தேடுவர். எட்டு வாரக் குட்டியாக, இரு கைகளில் அடங்கும் பஞ்சுப் பொதியாக வந்து சேரும் அந்தப் பிராணி, ஒன்றரை ஆண்டு கழித்து வீட்டிலுள்ள பாட்டியின் எடைக்கு நிகராக வாசலில் நிற்கும். அப்போதுதான் பல வீடுகளில் உண்மையான கேள்விகள் எழுகின்றன. யார் அதை நடைக்குக் கூட்டிப் போவது? பேரப்பிள்ளை வந்தால் எங்கே அடைப்பது? தபால்காரர் ஏன் நம் வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாய் புதிதல்ல. லயத்து வாசலில் மணி, டைகர், ஜிம்மி என்று ஏதாவது ஒரு பெயரில் ஒன்று படுத்திருக்கும். அதை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. மீந்த சோற்றைத் தின்று, லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அடையாளம் தெரிந்துகொண்டு, புது ஆள் வந்தால் குரைத்துச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கும். அதன் வேலை குரைப்பதோடு முடிந்தது. அந்த நாயை வளர்த்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஐம்பது கிலோ ரோட்வைலரை வளர்க்க முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. காவல் இன நாய்கள் குரைத்துவிட்டு விலகுவதற்காக உருவாக்கப்பட்டவை அல்ல. எதிர்த்து நிற்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை.

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பழைய வேலை

ரோட்வைலரின் பெயர் ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள ரோட்வைல் என்ற சிறு நகரத்திலிருந்து வந்தது. அங்கு இறைச்சிக் கடைக்காரர்கள் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டவும் வண்டி இழுக்கவும் இந்த நாயைப் பயன்படுத்தினர். ஆண் நாய் தோள்வரை 61 முதல் 68 சென்டிமீட்டர் உயரமும் ஏறத்தாழ 50 கிலோ எடையும் இருக்கும். பெண் நாய் 42 கிலோ அளவில் நிற்கும். அதிகம் குரைக்காது, உற்றுப் பார்க்கும். வீட்டாரிடம் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்பது அதன் அன்பு காட்டும் விதம். ஆனால் அந்தச் சாய்வே நான்கு வயதுப் பிள்ளையைக் கீழே தள்ளப் போதும். இடுப்பு, முழங்கை மூட்டுக் கோளாறுகளும் எலும்புப் புற்றுநோயும் இந்த இனத்தை அதிகம் வாட்டுகின்றன. ஒன்பது, பத்து வயதே பொதுவான ஆயுள் என்பதையும் வாங்குபவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

டோபர்மேனுக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு வரி வசூலிப்பாளர். ஜெர்மனியின் அபோல்டா நகரில் வாழ்ந்த கார்ல் ஃபிரெட்ரிக் லூயிஸ் டோபர்மேன், வசூலுக்குப் போகும்போது துணைக்கு வர ஒரு நாயை உருவாக்க முனைந்தார். அவர் 1894இல் இறந்த பிறகு அவர் பெயரே அந்த இனத்துக்கு நிலைத்தது. ஓர் ஆளோடு கூடவே போவதற்கென்று பிறந்த நாய் என்பதால், இதைப் பின்கட்டில் தனியாகக் கட்டிப்போட்டால் மனம் கெட்டுவிடும். மேல்மயிர் குட்டை, அதனால் நம் வெயிலை அல்சேஷனைவிட ஓரளவு தாங்கும். பெரிய அச்சம் இதயம்தான். இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் டோபர்மேன்களிடம் மிக அதிகம். ஐரோப்பாவில் நடந்த ஓர் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்கு வாழ்நாளில் இந்நோய் வருவது தெரிந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்து, ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுவதுண்டு. மூன்று வயதுக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை இதயப் பரிசோதனை செய்வது இந்த இனத்துக்கு ஆடம்பரமல்ல.

அல்சேஷன் என்று நம்மவர்கள் சொல்வது ஜெர்மன் ஷெப்பர்ட் நாயைத்தான். பெயரில் ஒரு குட்டி வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி என்ற சொல்லே பிரிட்டனில் கசந்தது. ஆகவே ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சேஸ் வட்டாரத்தின் பெயரை நாய்க்குச் சூட்டினர். பிரிட்டனின் கென்னல் கிளப் 1977இல்தான் பழைய பெயரைத் திரும்ப ஏற்றது. வெள்ளைக்காரத் துரைமார்களின் பங்களாக்கள் வழியாக வந்த சொல் நம் வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899இல் வாங்கிய ஹோராண்ட் என்ற நாயே இந்த இனத்தின் முதல் பதிவு. அடிப்படையில் இது ஆடு மேய்த்த நாய். மந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து ஒன்றும் தப்பாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. ஓடும் பிள்ளைகளைச் சுற்றி வளைப்பதும், குதிகாலைக் கவ்வ வருவதும், சைக்கிளைத் துரத்துவதும் அந்தப் பழைய வேலையின் மிச்சம். கெட்ட புத்தி என்று அடிப்பதில் பயனில்லை. குட்டியிலேயே வேறு வேலை கொடுத்துத் திருப்ப வேண்டும்.

புல்மாஸ்டிஃப் பற்றி இரண்டு வரி போதும். இங்கிலாந்தின் பெரிய பண்ணைகளில் வேட்டைத் திருடர்களை மடக்கிப் பிடிக்க, மாஸ்டிஃபையும் புல்டாக்கையும் கலந்து உருவாக்கியது. ஆக, இந்த 'சுத்த இனம்' என்பதே ஒரு காலத்துக் கிராஸ்தான். சாதுவானது, ஆனால் குட்டை முகத்தால் வெயிலில் திணறும். அண்மைக் காலத்தில் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கும் பெல்ஜியன் மாலினாய், காவல் துறையும் இராணுவமும் நாள் முழுதும் வேலை வாங்குவதற்கு ஏற்ற நாய். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும் குடும்பத்துக்கு அது ஏற்றதல்ல.

கிராஸ் என்றால் என்ன?

இங்கே கிராஸ் என்ற ஒரே சொல்லில் மூன்று வெவ்வேறு நாய்கள் அடங்குகின்றன. இரண்டு காவல் இனங்களை வேண்டுமென்றே சேர்த்துப் பெற்ற குட்டி ஒன்று. ஒரு பக்கம் காவல் இனமும் மறுபக்கம் ஊர் நாயுமாகப் பிறந்தது மற்றொன்று. மூன்றாவது, அப்பன் யாரென்று தெரியாமல் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தது. கறுப்பு உடம்பு, புருவத்திலும் கால்களிலும் பழுப்புப் பொட்டு இருந்தால் உடனே 'ரோட்வைலர் கிராஸ்' என்று விலை ஏற்றுவார்கள். அந்த நிற அமைப்பு உலகெங்கும் தெரு நாய்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. அதற்கும் ரோட்வைலருக்கும் எந்த உறவும் இருக்கவேண்டிய அவசியமில்லை.

கலப்பு நாய் இரு பெற்றோரின் சரிபாதியாக அமையும் என்ற எண்ணமும் தவறு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று தாயின் உயரத்தோடும் தகப்பனின் சந்தேகக் குணத்தோடும் வளரும். அதன் தம்பியோ எவரைக் கண்டாலும் வாலாட்டும். ஊர் நாயின் எச்சரிக்கை உணர்வும் காவல் இனத்தின் பலமும் ஒரே உடம்பில் சேர்ந்துவிட்டால், பயத்தில் கடிக்கும் பெரிய நாய் கிடைக்கும். அது கையாள மிகக் கடினமானது. மறுபக்கம், நிதானமான தாய்க்கும் நிதானமான தகப்பனுக்கும் பிறந்த அல்சேஷன் மிக்ஸ் பல குடும்பங்களில் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் சிக்கலில்லாமல் வாழ்ந்து முடித்திருக்கிறது.

இனம் மட்டுமே குணத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, 2,000க்கும் அதிகமான நாய்களின் மரபணுவையும் ஆராய்ந்து 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, ஒரு தனி நாயின் குணத்தில் சுமார் 9 விழுக்காட்டை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்றது. இதைப் படித்துவிட்டு, எந்த நாயும் எந்த நாயைப் போலவும் ஆகலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குணம் எப்படியிருந்தாலும் தாடையின் பலமும் உடம்பின் எடையும் இனத்திலிருந்துதான் வருகின்றன. சின்ன நாயின் தவறு ஒரு கட்டோடு போகும். பெரிய நாயின் தவறு அறுவை சிகிச்சை அறையில் முடியும்.

கலப்பினம் நோய் வராது என்பதும் பாதி உண்மையே. சில பரம்பரை நோய்கள் குறையலாம். ஆனால் ரோட்வைலருக்கும் அல்சேஷனுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பொதுவானது என்பதால், இரண்டையும் சேர்த்துப் பெற்ற குட்டிக்கு அதில் விடுதலை கிடைக்காது.

ஆகவே குட்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தாயை. அது எங்கே வாழ்கிறது, அந்நியர் வந்தால் என்ன செய்கிறது, மனிதக் கை பட்டால் ஒதுங்குகிறதா என்பதை அரை மணி நேரம் நின்று கவனிக்கலாம். தாய் ஊருக்குப் போயிருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, பெட்ரோல் நிலையத்தில் வைத்துக் குட்டியைக் கொடுக்க வருபவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது. எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்த குட்டியும் வேண்டாம். பல்லின் பலத்தை எங்கே நிறுத்துவது என்பதை அது தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் கற்றுக்கொள்கிறது. சுத்த இனம் என்று சொல்லி விலை கேட்டால் மலேசிய கென்னல் சங்கத்தின் பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லலாம்.

பிள்ளைகள் இருக்கும் வீடு

காவல் நாய் விவகாரத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். சிறு பிள்ளைகளைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் தெருவில் போகும் முகம் தெரியாத நாய் அல்ல. சொந்த வீட்டு நாய், தாத்தா வீட்டு நாய், பக்கத்து வீட்டு நாய். கடி விழும் இடமும் வேறு. பெரியவர்களுக்குக் கையிலும் காலிலும் விழும் கடி, பிள்ளையின் உயரத்தால் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது.

பல நேரங்களில் நாய் முன்கூட்டியே சொல்லியிருக்கும். வீட்டார் படிக்கத் தவறியிருப்பர். உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, எழுந்து வேறு இடத்துக்குப் போவது எல்லாம் "என்னை விடு" என்பதற்கான அறிகுறிகள். அதன் பிறகும் பிள்ளை கட்டிப்பிடித்தால் உறுமும். உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமல் நாய் தரும் எச்சரிக்கை மணி. மணியைக் கழற்றிப் போட்டால் ஆபத்து போய்விடாது.

வீட்டில் எழுதாத சட்டங்கள் சில இருக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையையும் பெரிய நாயையும், எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும், ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயின் அருகே பிள்ளை போகக்கூடாது. குதிரை ஏறி விளையாட விட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். தீபாவளி, பிறந்தநாள், கருமாதி என்று வீட்டில் கூட்டம் கூடும் நாளில் நாயை ஓர் அறையில் தண்ணீரோடு அடைத்துவிட்டு, அறைச் சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பிள்ளையை நேசிக்கும் நாய், அந்தப் பிள்ளையோடு மல்லுக்கட்டி விளையாடும் அத்தை மகனைத் தாக்க வருபவன் என்று எண்ணிவிடும். அதற்கு உறவுமுறை தெரியாது. பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு வேலி தாண்டி ஓடும் நாய்களும் தீபாவளிக்குத் தீபாவளி உண்டு.

சங்கிலி காவலைக் கெடுக்கும்

கட்டிப் போட்டால் நாய்க்கு ரோஷம் ஏறும், சோற்றில் மிளகாய் கலந்தால் மூர்க்கம் வரும் என்று இன்னமும் சிலர் நம்புகின்றனர். மிளகாயால் வருவது வயிற்றெரிச்சல். கட்டிப்போடுவதால் வருவது வேறு. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1991இல் நடந்த நாய்க்கடிகளை ஆராய்ந்து 1994இல் வெளியான ஆய்வில், கடித்த நாய்களைக் கடிக்காத நாய்களோடு ஒப்பிட்டனர். ஆண் நாய் கடிக்கும் வாய்ப்பு 6.2 மடங்கு, கருத்தடை செய்யாத நாய் 2.6 மடங்கு, வாசலில் சங்கிலியில் கட்டிய நாய் 2.8 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஜெர்மன் ஷெப்பர்டும் சௌ சௌவும் கடித்த கூட்டத்தில் கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு சொன்னது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இனத்தை மாற்ற முடியாது. மற்றவற்றை உரிமையாளர் மாற்றலாம்.

பூட்டிய கேட், நாய் தாண்ட முடியாத வேலி, வெயில் படாத கூண்டு, காலையும் மாலையும் நடை. சங்கிலிக்கு மாற்று இவ்வளவே. தாமான் வீடுகளில் பெரும்பாலான விபத்துகளுக்கு வழி திறப்பது தானியங்கிக் கேட்தான். கார் உள்ளே வர கேட் திறக்கும் இருபது விநாடியில் நாய் சாலையில் இருக்கும். கார் போர்ச்சுக்கும் கேட்டுக்கும் நடுவில் இரண்டாவது தடுப்பு ஒன்றை வைப்பது மருத்துவச் செலவைவிட மலிவு.

குட்டிக்கு மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரையுள்ள காலம் உலகத்தைப் பழகும் காலம். அந்த வயதில் குடை, தொப்பி, மோட்டார் சைக்கிள், குப்பை லாரி, பல நிற முகங்கள், தாடி வைத்தவர், முக்காடு போட்டவர் எல்லாரையும் நல்ல அனுபவமாகப் பார்த்திருக்க வேண்டும். தடுப்பூசி முழுமையாகாததால் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு காட்டலாம். யாரையும் பழகவிடாமல் வளர்த்தால் நல்ல காவல் வரும் என்பவர்களுக்குக் கிடைப்பது, எரிவாயுத் தோம்பு கொண்டுவருபவரையும் திருடனையும் பிரித்தறியாத நாய். கருத்தடையைப் பொறுத்தவரை, பெரிய இனங்களுக்கு மிகச் சீக்கிரம் செய்தால் மூட்டுக் கோளாறு கூடலாம் என்று ஆய்வுகள் காட்டுவதால், எந்த மாதத்தில் செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். செய்யாமலே விடப்படும் பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் வைக்கும் நோய் வந்து உயிருக்கு முடிவதுண்டு.

வெயில், சோறு, உண்ணி

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் அது சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே நடை என்பது காலை ஏழரைக்கு முன், மாலை ஆறரைக்குப் பின். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வெந்துபோகும். மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு செக்கச் சிவந்து, தள்ளாடினால் உடனே சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறி வைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும்.

உணவில் நம் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு மீந்த கறிக்குழம்பு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைப்பவை. குழம்பில் இரண்டும் கரைந்திருக்கும். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். சோறு போடக்கூடாது என்றில்லை. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியோ மீனோ சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் வளரும் பெரிய இனக் குட்டிக்கு அது மட்டும் போதாது, பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த உணவு தேவை. எலும்பு பலப்படும் என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரையைக் கூடுதலாகக் கொடுப்பது எலும்பைக் கோணலாக்கும். கொழுகொழுவென்று வளர்ப்பதும் மூட்டுக்குக் கேடு.

நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஓர் ஆபத்து உண்டு. வயிறு மத்தளம்போல் வீங்கும்; வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது; நிலைகொள்ளாமல் அலையும். இது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய நோய் அல்ல. சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்காது. இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணை நாய் வாங்கிய அன்றே குறித்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான். ஒரே வேளையில் கொட்டிக் கொடுக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், தின்ற உடனே ஓடவிடாமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்கும்.

உண்ணிக் காய்ச்சல் நம் வட்டாரத்தோடு வரலாற்று உறவு கொண்ட நோய். 1960களின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்கள் மூக்கில் இரத்தம் வடிந்து, மெலிந்து இறந்தன. பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களும் நூற்றுக்கணக்கில் அதே நோய்க்குப் பலியாயின. பழுப்பு நிற நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமியே காரணம். ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தை அது மற்ற நாய்களைவிடக் கடுமையாகத் தாக்கும். சோற்றைத் தொடாமல் படுத்திருப்பது, ஈறு வெளிறுவது, தோலில் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம் ஆகியவை அறிகுறிகள். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து டாக்சிசைக்ளின் மருந்தை மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். நான்கு நாளில் வாலாட்டுகிறதே என்று மருந்தை நிறுத்துவதால்தான் நோய் உள்ளே தங்கிவிடுகிறது. மாதந்தோறும் உண்ணி மருந்து, கொசு பரப்பும் இதயப்புழுவுக்குத் தடுப்பு மருந்து ஆகிய இரண்டும் குடும்ப வரவுசெலவில் சேர வேண்டியவை.

பார்வோ என்னும் இரத்தபேதி நோய்க்கு ரோட்வைலர், டோபர்மேன் குட்டிகள் மற்ற இனங்களைவிட எளிதில் இரையாகின்றன. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியைப் பதினாறு வாரம் வரை தவணை தவறாமல் போட்டு முடிக்க வேண்டும்.

செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வசிப்பவர்களுக்கு இன்னொரு கவலை எலி மருந்து. அதைத் தின்ற நாய்க்கு அன்று ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ஈறில் கசிவு, மூச்சுத்திணறல், தோலுக்கடியில் இரத்தக் கட்டு என்று வெளிப்படும். மருந்தின் உறையோடு போனால் மருத்துவர் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். இரத்தம் உறையாத பரம்பரைக் குறைபாடு பரவலாக உள்ள டோபர்மேனுக்கு இது இரட்டை ஆபத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் கால்நடை சேவைத் துறை சில இனங்களை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை விதித்துள்ளது. பிட்புல் வகைகள், அகிதா, அமெரிக்கன் புல்டாக், டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ, ஜப்பானிய டோசா, நியாபொலிட்டன் மாஸ்டிஃப் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. ரோட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டும் அதன் உறவு இனங்களும், புல் டெரியர், புல்மாஸ்டிஃப், பெர்ரோ டி பிரெசா கனாரியோ ஆகியவை கட்டுப்பாட்டுக்குட்பட்டவை. ஆகவே 'பிட்புல் கிராஸ்' என்று யாராவது குட்டி விற்க வந்தால், அதன் வம்சாவளியை விசாரிப்பதற்கு முன் சட்டத்தை விசாரிக்க வேண்டும்.

நாய் உரிமம் வழங்குவது அந்தந்த மாநகர், நகராண்மை, மாவட்ட மன்றங்கள். வீட்டு வகையைப் பொறுத்து எத்தனை நாய் வளர்க்கலாம், எந்த இனம் கூடாது, பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் தேவையா என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். குட்டியை வாங்கிவிட்டுப் போய்க் கேட்பதைவிட முதலில் கேட்பது நல்லது. மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் நாய்க்கே அனுமதியில்லை. பக்கத்து வீட்டார் முஸ்லிம்கள் என்றால், சமயக் காரணத்தால் நாயின் எச்சில் படுவது அவர்களுக்குச் சங்கடம் என்பதை நினைவில் வைத்து, வேலியோரத்தில் கூண்டு வைக்காமல் தள்ளி வைப்பது பல சண்டைகளைத் தவிர்க்கும்.

நாய் பிறரைக் கடிக்காதபடி தகுந்த எச்சரிக்கை எடுக்காத உரிமையாளருக்குக் குற்றவியல் சட்டத்தின் 289ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்பது தனி. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. நாயைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு.

சிங்கப்பூரில் நடைமுறை இன்னும் இறுக்கம். வீவக வீடுகளில் அனுமதிக்கப்பட்ட நாய்கள் மட்டுமே. ஒரு வீட்டுக்கு ஒன்று. ரோட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், மாஸ்டிஃப் வகைகளும் அவற்றின் கலப்புகளும் தனிப் பட்டியலில் உள்ளன. மைக்ரோசிப், குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி, வெளியே வந்தால் கயிறும் வாய்ப்பூட்டும் கட்டாயம். கிராஸ் என்று சொல்லித் தப்ப அங்கு வழியில்லை.

கடி பட்டுவிட்டால்

சொந்த வீட்டு நாயே கடித்திருந்தாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ காப்பித்தூளோ வைத்துக் கட்டக்கூடாது. அதன்பின் கிளினிக் அல்லது அரசாங்க மருத்துவமனை. ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயிலிருந்து விடுபட்ட நாடு என 2012இல் அங்கீகாரம் பெற்ற மலேசியாவில், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களிடம் அந்நோய் மீண்டும் தெரிந்தது. சரவாக்கில் 2017 முதல் மனித உயிர்களையும் பறித்திருக்கிறது. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை. அறிகுறி வருமுன் போடும் ஊசி காப்பாற்றும். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாமல் அடைத்து வைத்து, கால்நடை சேவைத் துறைக்குத் தெரிவித்தால் அதைக் கண்காணிக்க முடியும்.

தோட்டம் விற்கப்பட்டு லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறும் குடும்பங்களும், தாமான் வீட்டிலிருந்து கொண்டோமினியத்துக்குப் போகும் பிள்ளைகளும் சந்திக்கும் கடைசிக் கேள்வி, நாயை என்ன செய்வது என்பது. செம்பனைக் காட்டில் இறக்கிவிட்டு வந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது பொய். கூண்டில் வளர்ந்த ரோட்வைலருக்கு இரை தேடத் தெரியாது. ஆட்கள் நடமாட்டத்தை நோக்கித்தான் வரும், பசியோடு வரும். காப்பகங்களில் பெரிய நாய்களை எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பது அரிது. வீடு மாறும் நாள் தெரிந்த உடனே, மூன்று நான்கு மாதம் முன்னதாகவே, நிலமும் வேலியும் உள்ள உறவினரையோ, இதே இனத்தை ஏற்கெனவே வளர்ப்பவரையோ தேடத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை அவரை வீட்டுக்கு வரவழைத்து நாயோடு பழகவிட்டு, பிறகு நாயை அங்கே கொண்டுபோய் ஒரு நாள் கூட இருந்து, தடுப்பூசி அட்டையையும் அது தூங்கும் பழைய சாக்கையும் கொடுத்துவிட்டு வரலாம்.